கிசான் பணம் யார் யாருக்குப் போகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிசான் பணம் வராதவர்களுக்கு நிலை பார்த்துச் சொல்வது, ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு எழுதிக் கொடுப்பது என்று சில வருடங்களாகச் சுற்றுப்பட்டு ஊர்களில் போய் வந்துகொண்டிருக்கிறேன். கேட்கும் ஆள் மாறினாலும் சந்தேகம் பெரும்பாலும் மாறுவதில்லை. பணம் வருமா என்ற கேள்வியைவிட, "அவருக்கு எப்படி வருது?", "என் பேரை ஏன் ஊருக்கே காட்டுறாங்க?" என்ற இரண்டையும்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வாயால் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

1. கிசான் பணம்னா எது? யாருக்குத் தர்றாங்க?

பிரதம மந்திரி கிசான் சம்மான் நிதி என்பதைத்தான் நாம் சுருக்கமாகக் கிசான் பணம் என்கிறோம். 2019 பிப்ரவரி 24 அன்று தொடங்கிய திட்டம். 2018 டிசம்பரிலிருந்து கணக்கிட்டுக் கொடுத்தார்கள். ஒரு குடும்பத்துக்கு வருடம் 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒரு தவணையாக 2,000 ரூபாய் வீதம் வங்கிக் கணக்குக்கே வரும். முழுப் பணமும் ஒன்றிய அரசுடையது. ஆனால் யார் தகுதியானவர் என்று பார்த்துச் சொல்லும் வேலை மாநில அரசுக்கு. எங்கே தப்பு நடந்தாலும் முதலில் இந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

குடும்பம் என்றால் கணவன், மனைவி, 18 வயது நிரம்பாத பிள்ளைகள். இருவர் பெயரிலும் தனித்தனியாகப் பட்டா இருந்தாலும் ஒரே குடும்பம்தான், ஒரு 6,000 ரூபாய்தான்.

2. பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு இருபது ஏக்கர். அவருக்கும் 2,000 வருது. இது மோசடி இல்லையா?

இல்லை. தொடக்கத்தில் இரண்டு ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய ஐந்து ஏக்கர் வரை உள்ளவர்களுக்கு மட்டும் என்று இருந்தது. 2019 ஜூன் முதல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். இருபது ஏக்கர்காரர் வாங்கலாம், ஐம்பது சென்ட்காரரும் வாங்கலாம், இருவருக்கும் ஒரே தொகை.

நிலத்தின் அளவு தடையில்லை, ஆனால் வேறு தடைகள் உண்டு. முந்தைய ஆண்டு வருமான வரி கட்டியவர், அரசு ஊழியர், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குபவர், எம்.பி., எம்.எல்.ஏ., மேயர், மாவட்ட ஊராட்சித் தலைவர் போன்ற பொறுப்புகளில் இருக்கிறவர்கள் அல்லது இருந்தவர்கள், தொழில் நடத்தும் டாக்டர், வக்கீல், பொறியாளர், ஆடிட்டர் ஆகியோர் வாங்கக்கூடாது. குடும்பத்தில் ஒருவர் இப்படி இருந்தாலும் அந்தக் குடும்பத்துக்கே கிடையாது. அரசு ஊழியர்களில் கடைநிலை ஊழியர்களுக்கு விலக்கு உண்டு, அவர்கள் வாங்கலாம். இந்த விலக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பத்தாம் கேள்வியில் தேவைப்படும்.

3. எங்க ஊர்ல யார் யாரு வாங்குறாங்கன்னு நானே பார்க்க முடியுமா?

முடியும். திட்டத்தின் இணையதளத்தில் பயனாளிகள் பட்டியல் என்ற பகுதியில் மாநிலம், மாவட்டம், வட்டம், வட்டாரம், கிராமம் என்று தேர்ந்தெடுத்தால் ஊர்ப் பட்டியல் வந்துவிடும். ஆதாரும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம். கைபேசியிலேயே பார்க்கலாம். கிராமத்தின் பெயர் வருவாய்க் கிராமத்தின் பெயராக இருக்கும், நாம் வழக்கமாகச் சொல்லும் பெயராக இருக்காது. "எங்க ஊரே இதுல இல்ல" என்று வந்த பாதிப் பேருக்கு அதுதான் காரணம். பட்டாவில் என்ன பெயர் இருக்கிறதோ அதைத் தேடுங்கள்.

ஒருவருக்கு எத்தனை தவணை வந்தது, எந்தக் கணக்குக்குப் போனது என்பதை அவரவர் பதிவு எண்ணை வைத்துத்தான் பார்க்க முடியும். அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

4. அடுத்தவன் வாங்குற காசை நாம ஏன் எட்டிப் பார்க்கணும்? அசிங்கமா இருக்கே.

இதை ஒரு பெரியவர் என்னிடம் கோபமாகவே கேட்டார். அவருடைய கூச்சம் எனக்குப் புரிகிறது. கை நீட்டி வாங்குவதாக நினைக்கும் இடத்தில் பெயரை ஊர் பார்ப்பது மனத்துக்குக் கஷ்டம்தான். ஆனால் இது யாரும் பிச்சையாகப் போட்ட காசு கிடையாது. தீப்பெட்டி வாங்குகிற கூலிக்காரர்வரை எல்லோரும் கட்டிய வரி. அது யாருக்குப் போகிறது என்று கேட்க அந்தக் கூலிக்காரருக்கும் உரிமை இருக்கிறது.

அதைவிட முக்கியம், பட்டியல் முதலில் காப்பாற்றுவது வாங்குகிறவரைத்தான். எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி, கிசான் பணம் நின்றுபோய் ஒரு வருடம் ஆயிற்று என்று வந்தார். விசாரித்த இடத்தில் "உங்க பேரே லிஸ்ட்ல இல்ல" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பட்டியலைத் திறந்து பார்த்தோம், பெயர் இருந்தது. பதிவு எண் போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு தவணையும் ஒழுங்காகப் போயிருக்கிறது. நூறு நாள் வேலைக்காக எப்போதோ திறந்த இன்னொரு வங்கிக் கணக்கில் ஆதாரைக் கடைசியாக இணைத்திருக்கிறார். ஆதார் வழியாக வரும் பணம் கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போகும். பாட்டியின் 6,000 ரூபாயும் அங்கே பத்திரமாகக் கிடந்தது. அந்தப் பட்டியல் பூட்டிக் கிடந்திருந்தால் "பேரு இல்ல" என்ற ஒரு சொல்லோடு அவர் கதை முடிந்திருக்கும்.

5. 2020-ல தமிழ்நாட்டுல பெரிய மோசடின்னாங்களே, அது என்ன?

கொரோனா ஊரடங்கு மாதங்களில் நடந்தது, ஆகஸ்டு வாக்கில் வெளியே வந்தது. உழவர்கள் அலுவலகம் போகாமல் தாங்களே இணையத்தில் பதிவு செய்துகொள்ளலாம் என்று வழி திறந்திருந்தார்கள். பதிவானதைச் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டிய அதிகாரிகளின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வெளியாட்கள் கைக்குப் போயிருந்தன. தனியார் கணினி மையங்களில் உட்கார்ந்தபடியே பதிவும் ஒப்புதலும் நடந்தன. நிலமே இல்லாதவர்கள் ஆயிரக்கணக்கில் உழவர்கள் ஆனார்கள். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் பக்கம் அதிகம். தகுதியில்லாத ஐந்தரை லட்சம் பேருக்கு ஏறக்குறைய 110 கோடி ரூபாய் போய்விட்டது என்று மாநில அரசே சொன்னது. சிபிசிஐடி விசாரித்தது, ஒப்பந்தப் பணியாளர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள், பணத்தைத் திரும்ப வாங்கும் வேலையும் தொடங்கியது.

எனக்கு இதில் ஆறாத ஒன்று உண்டு. பெயர் சேர்க்கப்பட்டவர்களில் பலர் திருடர்கள் இல்லை. கொரோனா நிவாரணம் என்று சொல்லி ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கையும் வாங்கிக்கொண்டார்கள் என்றுதான் பலரும் சொன்னார்கள். இடையில் நின்றவர்கள் கமிஷன் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லி நெருக்கடி வந்தது அந்த ஏழைகளுக்குத்தான்.

இது நம் மாநிலத்தோடு நின்ற கதையும் இல்லை. 2020 ஜூலை வரை நாடு முழுக்கத் தகுதியில்லாத 20.48 லட்சம் பேருக்கு 1,364 கோடி ரூபாய் போயிருக்கிறது. அவர்களில் பாதிக்கு மேல் வருமான வரி கட்டுகிறவர்கள். ஆர்டிஐ மனு ஒன்றுக்கு ஒன்றிய வேளாண் அமைச்சகம் கொடுத்த பதில் இது. ஒருவர் மனு எழுதிக் கேட்டதால் நாட்டுக்கே தெரியவந்த கணக்கு.

6. பட்டியல் வெளியில இருந்தும்தானே இவ்வளவு நடந்துச்சு? அப்புறம் அதனால என்ன பிரயோஜனம்?

நியாயமான கேள்வி. இணையத்தில் ஏற்றிவிட்டால் வெளிப்படை ஆகிவிட்டது என்று நினைப்பதில்தான் கோளாறு. ஒரே கிராமத்தில் திடீரென்று நூற்றுக்கணக்கில் புதுப் பெயர் ஏறினால் அந்த ஊர்க்காரர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடிப்பார். "இவருக்கு ஏதுய்யா நிலம்?" என்று கேட்க ஊரில் ஆள் இருக்கும். சென்னையிலோ டெல்லியிலோ இருக்கும் கணினிக்கு அது தெரியாது. திட்ட விதிகளே பட்டியலை ஊராட்சியில் ஒட்டச் சொல்கின்றன, பயனாளிகளில் 5 விழுக்காடு பேரை நேரில் போய்ச் சரிபார்க்கவும் சொல்கின்றன. உங்கள் ஊராட்சி அலுவலகச் சுவரில் அப்படி ஒரு பட்டியலைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற உழைப்பாளர் அமைப்பு 1990-களில் செய்தது இதைத்தான். அரசு வேலைகளின் கூலிப் பதிவேட்டை ஊர் நடுவில் உட்கார்ந்து பெயர் பெயராக வாசித்தார்கள். செத்துப்போனவர் பெயரில் கூலி, வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. "நம்ம பணம், நம்ம கணக்கு" என்பது அவர்கள் முழக்கம். 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு அந்தக் கூட்டங்கள்தான் விதை. பட்டியலை வாசிக்க ஆளும் கேட்கக் காதும் வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

7. பட்டியல்ல பேர் இருக்கு, பணம் மட்டும் வரலையே?

மூன்று இடத்தைப் பாருங்கள்: இ-கேஒய்சி (ஆதார் வழியாக ஆளை உறுதிசெய்வது) முடிந்ததா, நில ஆவணம் இணைந்திருக்கிறதா, ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது. பாட்டி கதை மூன்றாவது வகை. முதல் வேலையை இ-சேவை மையத்திலேயே முடிக்கலாம், இரண்டாவதுக்கு வட்டார வேளாண்மை அலுவலகம் போக வேண்டும். திட்டத்தின் உதவி எண் 155261.

8. நிலம் இன்னும் தாத்தா பேர்லயே இருக்கு. உழுறது நான். எனக்கு வராதா?

பட்டா உங்கள் பெயருக்கு மாறாதவரை வராது. வாரிசுச் சான்றிதழை வைத்துப் பட்டா மாறுதல் செய்யுங்கள். இந்தத் திட்டத்துக்கு நிலம் யார் பெயரில் என்று பார்க்கும் தேதி 2019 பிப்ரவரி 1. அதற்குப் பிறகு விலைக்கு வாங்கிய நிலத்துக்குச் சிக்கல் வரும். உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு விலக்கு உண்டு. கூட்டுப் பட்டாவாக இருந்தால் அதில் உள்ள ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகக் கேட்கலாம்.

9. நான் குத்தகைக்கு உழுறேன். நிலக்காரர் டவுன்ல இருக்கார், பணம் அவருக்குப் போகுது. இதை எந்தப் பட்டியல்ல பார்க்குறது?

எந்தப் பட்டியலிலும் பார்க்க முடியாது. எனக்குப் பதில் சொல்லவே கஷ்டமாக இருக்கும் கேள்வி இதுதான். கிசான் திட்டம் பார்ப்பது நிலத்தின் உரிமையை. விதை வாங்கியது யார், கடன்பட்டது யார் என்று அது பார்ப்பதில்லை. கோயில் நிலத்தில் மூன்று தலைமுறையாக உழுகிறவரும், வாய்மொழிக் குத்தகையில் நிற்பவரும், விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்குப் பயிர் செய்பவரும் இதற்குள் வரவே மாட்டார்கள். நிலக்காரர் பெயர் பட்டியலில் இருப்பது விதிப்படி சரி. அந்த விதி சரியா என்பது வேறு கேள்வி. எனக்குச் சரியாகப் படவில்லை.

முடியாத காரியமும் இல்லை. ஆந்திராவில் 2019-இல் வந்த ரைத்து பரோசா திட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மைக் குத்தகை உழவர்களையும் சேர்த்தார்கள். தமிழ்நாட்டில் குத்தகையாளர் பதிவுக்கு 1969-இலேயே சட்டம் வந்துவிட்டது. எழுத்தில் குத்தகை இருந்தால் பதிவு செய்ய முயலுங்கள். நிலக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது, எனக்கும் தெரியும். கிசான் பணம் இல்லாவிட்டாலும் அடங்கலில், அதாவது கிராமச் சாகுபடிப் பதிவேட்டில், சாகுபடி செய்பவராக உங்கள் பெயர் ஏறினால் பயிர்க் காப்பீட்டுக்காவது உதவும்.

10. ஒரு கவர்ன்மென்ட் ஊழியர் பேர் பட்டியல்ல இருக்கு. புகார் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் அதற்கு முன் மூன்றைச் சரிபாருங்கள். அதே பெயரில் வேறு ஆள் இருக்கலாம். அவர் கடைநிலை ஊழியராக இருக்கலாம், இரண்டாம் கேள்வியில் சொன்ன விலக்கு. அல்லது அது அவருடைய திருமணமான மகனின் பெயராக இருக்கலாம், அது தனிக் குடும்பம். ஒரு ஊரில் பங்காளிச் சண்டையை மனத்தில் வைத்துக்கொண்டு ஒருவர் புகார் எழுதச் சொல்லி வந்தார். விசாரித்தால் எதிராளி வாங்குவது விதிப்படி சரியாகவே இருந்தது. பட்டியல் பகை தீர்க்கும் கருவி ஆகிவிட்டால் நாளைக்கு அதை மூடு என்று கேட்க எல்லோருக்கும் காரணம் கிடைத்துவிடும்.

உறுதியானால் வட்டார வேளாண்மை உதவி இயக்குநருக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நடவடிக்கை இல்லாவிட்டால் ஆட்சியர் அலுவலகத்தில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் எழுப்புங்கள்.

11. தகுதி இல்லன்னு தெரியாம வாங்கிட்டேன். ஜெயிலா?

பயப்படாதீர்கள். வாங்கிய தவணைகளைத் திருப்பிச் செலுத்தவும், இனி வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கவும் அதே இணையதளத்தில் வசதி இருக்கிறது. நீங்களே முன்வந்து கட்டிவிட்டு ரசீதைப் பத்திரமாக வையுங்கள். நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

12. மானியப் பட்டியல் கேட்டு ஆர்டிஐ போட்டேன். "தனிநபர் தகவல், தர முடியாது"ன்னு பதில் வந்திருக்கு. இனி என்ன செய்ய?

விடாதீர்கள். ஆர்டிஐ சட்டத்தின் 4(1)(பி) பிரிவில் 12-ஆவது உட்பிரிவு இதற்கென்றே இருக்கிறது. மானியத் திட்டங்கள் எப்படி நடக்கின்றன, எவ்வளவு ஒதுக்கப்பட்டது, பயனாளிகள் யார் என்ற விவரங்களை யாரும் கேட்காமலே ஒவ்வொரு அலுவலகமும் வெளியிட வேண்டும் என்கிறது அது. நீங்கள் கேட்டது அவர்கள் ஏற்கெனவே வெளியிட்டிருக்க வேண்டிய தகவல்.

மறுப்புக்கு அவர்கள் காட்டுவது 8(1)(ஜே) பிரிவு. முன்பு அதில் பொதுச் செயல்பாட்டுக்குத் தொடர்பில்லாத, அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையில்லாமல் தலையிடும் தனிப்பட்ட தகவலைத்தான் மறுக்கலாம் என்று இருந்தது. நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் இருந்தது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவற்றை எடுத்துவிட்டு, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று சுருக்கிவிட்டது. 2025 நவம்பரில் அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. இது பெரிய இழப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 4-ஆம் பிரிவில் அவர்கள் கை வைக்கவில்லை. பொதுநலன் பெரிது என்றால் விலக்கு உள்ள தகவலையும் தரலாம் என்ற 8(2) பிரிவும் அப்படியே இருக்கிறது. முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள், இந்த இரண்டு பிரிவுகளையும் எண்ணோடு எழுதுங்கள். அதற்கும் பலனில்லையென்றால் தொண்ணூறு நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு.

மனுவை எழுதும்போதே வார்த்தையில் கவனம் வேண்டும். "இன்னாருடைய விவரம் தருக" என்று கேட்டால் மறுப்பது எளிது. "இன்ன ஆண்டில் இன்ன வட்டாரத்தில் சொட்டுநீர்ப் பாசன மானியம் பெற்றவர்களின் பெயர், கிராமம், தொகை, மானியம் செலுத்தப்பட்ட நிறுவனத்தின் பெயர்" என்று கேளுங்கள்.

13. பேர் வெளியில வந்தா ஆதார், பேங்க் நம்பர்னு எல்லாம் வெளிய போயிடாதா? ஏமாத்துறவன் போன் பண்ண மாட்டானா?

ஆதார் எண், கணக்கு எண், கைபேசி எண் மூன்றும் எந்தப் பட்டியலிலும் வரவே கூடாது. எங்காவது ஒட்டியிருந்தால் உடனே எடுக்கச் சொல்லுங்கள், ஆதார் எண்ணை அப்படி வெளியிடுவது சட்டப்படியும் தவறு. பெயர், கிராமம், திட்டம், தொகை, ஆண்டு. கேள்வி கேட்க இந்த ஐந்தும் போதும்.

இந்த இழுபறி நமக்கு மட்டும் வந்ததில்லை. ஐரோப்பிய ஒன்றியம் உழவர் மானியம் வாங்கும் எல்லோருடைய பெயரையும் தொகையையும் வெளியிட்டுக்கொண்டிருந்தது. ஜெர்மனி உழவர்கள் வழக்குப் போட, தனிமனிதர்கள் விஷயத்தில் சின்னத் தொகை, பெரிய தொகை என்று பிரிக்காமல் எல்லோரையும் வெளியிடுவது அளவுக்கு மீறியது என்று 2010 நவம்பர் 9 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் சொன்னது. அதற்காக அவர்கள் பட்டியலை மூடிவிடவில்லை. 2013-இல் புது விதி எழுதி, 1,250 யூரோ வரை வாங்கும் சிறிய உழவர்களின் பெயரை மட்டும் மறைத்துவிட்டு மற்றவர்களை மறுபடி வெளியிட்டார்கள். சிறியவருக்கு மறைவு, பெரியவருக்கு வெளிச்சம். எனக்கு அது நல்ல வழியாகப் படுகிறது.

14. கிசான் மட்டும்தானா? உரம், கரண்ட், சொட்டுநீர் இதுக்கெல்லாம் பட்டியல் எங்க?

இங்கேதான் விஷயம் தலைகீழாக நிற்கிறது. கிசான் திட்டத்துக்கு வருடம் ஏறக்குறைய 60,000 கோடி ரூபாய் ஒதுக்குகிறார்கள். உர மானியம் 2022-23-இல் மட்டும் இரண்டரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. கடையில் நாம் கைரேகை வைத்து மூட்டை வாங்குகிறோம், மானியம் உர நிறுவனத்துக்குப் போகிறது. இலவச மின்சாரத்துக்குப் பெரும்பாலும் மீட்டரே கிடையாது. யார் எவ்வளவு இழுத்தார் என்று அரசுக்கே சரியாகத் தெரியாது. ஆழ்துளைக் கிணறும் பெரிய மோட்டாரும் வைத்தவருக்குக் கிடைப்பது அதிகம், மானாவாரிக்காரருக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் எந்தப் பட்டியலும் இதைக் காட்டாது.

சொட்டுநீரில் தமிழ்நாட்டில் சிறு, குறு உழவருக்கு 100 விழுக்காடு, மற்றவருக்கு 75 விழுக்காடு மானியம். பெயர் உழவருடையது, பணம் போவது குழாய் போடும் நிறுவனத்துக்கு. அதனால்தான் பன்னிரண்டாம் பதிலில் நிறுவனத்தின் பெயரையும் கேட்கச் சொன்னேன். எவ்வளவு குழாய்க்குக் கணக்கு எழுதினார்கள், உங்கள் வயலில் எவ்வளவு கிடக்கிறது என்று அளந்து பாருங்கள்.

15. அப்போ 2,000 வாங்குற என் பேர் சுவத்துல, கோடி வாங்குற கம்பெனி பேர் எங்கயும் இல்ல. இது என்ன நியாயம்?

நியாயம் இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்ட அக்காவிடம் நான் அதையே சொன்னேன். உங்கள் பெயரை எடுத்துவிட வேண்டும் என்பது ஒரு பதில். அப்படிச் செய்தால் நான்காம் பதிலில் வந்த பாட்டிக்கு அடுத்த முறை யாராவது "பேரு இல்ல" என்று சொன்னால் சரிபார்க்க வழியிருக்காது. நான் கேட்பது இன்னொரு பக்கத்தை. அதே சுவரில், அதே அளவு எழுத்தில், இந்த வட்டாரத்தில் எந்த நிறுவனத்துக்கு எந்த மானியத்தில் எவ்வளவு போனது என்றும் எழுதட்டும்.

தமிழ்நாட்டில் கிராம சபை வருடம் ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்த அக்கா அடுத்த கூட்டத்தில் வேளாண்மைத் துறையின் எல்லா மானியப் பட்டியல்களையும் வாசிக்க வேண்டும் என்று தீர்மானம் கொடுத்தார். கிசான் பட்டியலை வாசித்தார்கள், மற்றதெல்லாம் கையில் இல்லை, அடுத்த முறை கொண்டுவருகிறோம் என்றார்கள். "அடுத்த முறை"யைத் தேதியோடு பதிவேட்டில் எழுதச் சொல்லி, அதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.